ஆப் 'சாப்பிடலாம்' என்கிறது... நம்பலாமா? மழைக்காலக் காளான்களும் நம் செல்போன் கேமராவும்

இரவு முழுக்க மழை. ஞாயிற்றுக்கிழமை காலை லேசாக வெயில் எட்டிப் பார்க்கிறது. வாக்கிங் போகலாம் என்று கீழே இறங்கினால், நேற்று வெறும் புல்லாக இருந்த அப்பார்ட்மென்ட் புல்வெளியில் இன்று வெள்ளைக் குடைகள் வரிசையாக நிற்கின்றன. உடனே செல்போன் வெளியே வருகிறது. ரெண்டு க்ளிக். குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் படம் ஏறுகிறது. முதல் பதில்: 'செம அழகு!' இரண்டாவது பதில்: 'இதைச் சாப்பிடலாமா?'

மூன்றாவதாக ஒருவர் ஆப் ஸ்கிரீன்ஷாட்டைப் போடுகிறார். அதில் ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சதவீதம், 'உண்ணத் தகுந்தது' என்று ஒரு வரி. விவாதம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

முடியக்கூடாத இடத்தில் முடிகிறது என்பதுதான் பிரச்சினை. காளானைத் தேடிப் போய்ப் பாருங்கள், படம் எடுங்கள், பெயர் தெரிந்துகொள்ள ஆசைப்படுங்கள். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால், ஒரு படத்தை வைத்து ஒரு காளானை அடுப்பில் ஏற்றக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

தவளை மேல் முளைத்த காளான்

முதலில், ஒரு படத்தால் என்ன முடியும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம். 2023 ஜூன் மாதம். கர்நாடகாவின் குதுரேமுக மலையடிவாரத்தில் தவளை, பாம்புகளைப் பார்ப்பதற்காக ஒரு குழு நடந்து போகிறது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியா அமைப்பைச் சேர்ந்தவரும் அதில் இருந்தார். மழைநீர் தேங்கிய ஒரு சிறு குட்டையில் நிறைய பொன்முதுகுத் தவளைகள். அவற்றில் ஒன்றின் விலாவில் ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், குட்டியாக ஒரு காளான்! தவளை உயிரோடு, சாவகாசமாக ஒரு குச்சி மேல் உட்கார்ந்திருக்கிறது.

உயிருள்ள தவளையின் உடலில் காளான் முளைத்ததாக அதற்கு முன் யாரும் பதிவு செய்ததில்லை. 2024 தொடக்கத்தில் ஆய்விதழில் குறிப்பாக வெளிவந்தபோது, உலகம் முழுக்கச் செய்தியானது. ஒரு வாக்கிங், ஒரு கேமரா, கொஞ்சம் கவனம். அவ்வளவுதான் முதலீடு.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்தக் குழு தவளையைப் பிடிக்கவில்லை, காளானைப் பறிக்கவும் இல்லை. கையில் இருந்தது படம் மட்டும்தான். அதைப் பார்த்த பூஞ்சை நிபுணர்கள், 'இது மைசீனா என்ற பேரினத்தைச் சேர்ந்த காளான்' என்றார்கள். பொதுவாக மட்கும் மரத்தில் வளரும் வகை அது. அந்தப் பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. அதில் எது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

உலகமே திரும்பிப் பார்த்த ஒரு படம் நிபுணர்களை அழைத்துச் சென்ற தூரம் அவ்வளவுதான். நம் புல்வெளிப் படத்திடம் அதைவிட அதிகமாக எதிர்பார்ப்பது நியாயமா?

முளைப்பது பழம், மரம் மண்ணுக்குள்ளே

காளான் செடி கிடையாது. பச்சையம் இல்லாததால் சொந்தமாக உணவு தயாரிக்கத் தெரியாது. பூஞ்சைகள் தனி உலகம். பரிணாம வரிசையில் பார்த்தால், அவை செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

நாம் பார்க்கும் குடை, மாமரத்தில் காய்க்கும் மாம்பழம் மாதிரி. 'மரம்' மண்ணுக்குள்ளும் மட்கும் கட்டைக்குள்ளும் மெல்லிய வெள்ளை இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. ஈரமும் வெப்பமும் சரியாக அமையும்போது அது குடையை வெளியே அனுப்புகிறது. 'நேத்து இல்லையே, ராத்திரியில எப்படி வந்துச்சு?' என்ற கேள்விக்குப் பதில் இதுதான். அது அங்கேயேதான் இருந்தது, நமக்குத் தெரியவில்லை.

நம்ம ஊர் மழைக்காலத்தின் ஸ்டார், புற்றுக் காளான். இதை வளர்ப்பது கறையான்கள். இலை, மரத்தூள் எல்லாவற்றையும் மென்று புற்றுக்குள் தேன்கூடு போன்ற அமைப்பைக் கட்டி, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கின்றன. மனிதர்கள் விவசாயம் ஆரம்பித்துச் சுமார் 10 ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. கறையான்கள் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக இந்த விவசாயத்தைச் செய்கின்றன. புற்றுக் காளானைப் பிடுங்கினால் வேர் மாதிரி நீளமாக ஒன்று மண்ணுக்குள் போவதைப் பார்க்கலாம். அது கீழே கறையான் கூடு வரை போகும். கறையான் இல்லாமல் இதைப் பண்ணையில் வளர்த்து விற்பது இன்னும் கைகூடவில்லை. அதனால்தான் சீசனில் மட்டும் கிடைக்கிறது, விலையும் அதிகம்.

'இடி இடிச்சாத்தான் காளான் முளைக்கும்' என்று பாட்டிகள் சொல்வதும் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காளான் வளரும் மரக்கட்டைகளில் உயர் மின்னழுத்தத்தை நொடிப்பொழுது பாய்ச்சிப் பார்த்தபோது சில வகைகளில் விளைச்சல் கூடியது. இடியோடு மழையும் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், பாட்டி பாஸ்!

நடக்கும்போது வேறென்ன பார்க்கலாம்?

குடை வடிவத்தை மட்டும் தேடாமல் கொஞ்சம் குனிந்து பார்த்தால் நிறைய கிடைக்கும்.

மட்கும் குச்சிகள், பூந்தொட்டி மண் மீது விரல் நகத்தைவிடச் சிறிய கிண்ணங்கள் தெரிகிறதா? உள்ளே முட்டைகள் போல ஏதாவது இருக்கிறதா? அது பறவைக்கூட்டுக் காளான். அந்த 'முட்டை' ஒவ்வொன்றும் வித்துப் பொட்டலம். மழைத்துளி கிண்ணத்தில் விழும் வேகத்தில் பொட்டலம் தெறித்துப் போய் வேறிடத்தில் விழும்.

சாணத்திலும் குப்பை மேட்டிலும் மணி மாதிரி முளைத்து, சில மணி நேரத்தில் கறுப்பு மையாகக் கரைந்துபோவது மைக்காளான் வகை. அதில் ஓர் இனத்தைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த சில நாட்களுக்குள் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும்.

மூங்கில் புதர் பக்கம் அழுகிய இறைச்சி நாற்றம் வருகிறதா? வெள்ளை வலைப்பாவாடை கட்டிய மாதிரி ஒரு காளான் நிற்கலாம். அந்த நாற்றம் ஈக்களுக்கான அழைப்பு. வித்துகளைச் சுமந்து போவது அந்த ஈக்கள்தான்.

மழை ஈரத்தில் மரத்தூள் மீது மஞ்சள் நுரை கொட்டியது போல ஒன்று பரவும். ஆங்கிலத்தில் இதற்கு 'நாய் வாந்தி' என்றே பட்டப்பெயர். இது காளானே கிடையாது, சளிப்பூஞ்சை என்ற வேறொரு உயிரி. மூளை இல்லை, நரம்பும் இல்லை. ஆனால், இதன் உறவுக்கார இனம் ஒன்றை வைத்து 2010-ல் ஜப்பானில் ஒரு சோதனை நடந்தது. டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸை வைத்தார்கள். அவற்றை இணைத்து அது உருவாக்கிய வலைப்பின்னல், டோக்கியோவின் ரயில் பாதைகளை ஒத்திருந்தது.

இத்தனையும் பார்க்க டிக்கெட் வேண்டாம். மழை விட்ட மறுநாள் காலை போதும்.

சரி, ஆப் எங்கே சறுக்குகிறது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாண ஆய்வாளர்கள் காளான் அடையாளம் காணும் 3 செயலிகளைச் சோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். நிபுணர்கள் ஏற்கெனவே அடையாளம் கண்ட 78 மாதிரிகளின் படங்கள் கொடுக்கப்பட்டன. மூன்றில் சிறந்த செயலி சரியாகச் சொன்னது 49 சதவீதம். மற்ற இரண்டும் தலா 35 சதவீதம். பாதிக்குப் பாதி தப்பு என்பதுதான் டாப் ஸ்கோர். நாணயத்தைச் சுண்டிப் போட்டு இரவு சாப்பாட்டை முடிவு செய்வோமா?

செயலியைத் திட்டிப் பயனில்லை. படத்தில் இல்லாத தகவலை அது எங்கிருந்து எடுக்கும்? ஒரு நிபுணர் காளானைக் கையில் எடுத்தால் முதலில் அடிப்பகுதியைத் தோண்டிப் பார்ப்பார், மண்ணுக்குள் பை போன்ற உறை இருக்கிறதா என்று. பிறகு முகர்வார், வெட்டி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார், பக்கத்தில் என்ன மரம் என்று கவனிப்பார், வித்துத் தூளின் நிறத்தை எடுப்பார், தேவைப்பட்டால் மைக்ரோஸ்கோப்பில் வைப்பார். சில இனங்களுக்கு டி.என்.ஏ. சோதனையே வேண்டியிருக்கும். மேலிருந்து எடுத்த ஒற்றை போட்டோவில் இதில் எதுவும் கிடையாது.

புத்தகமும் இப்போது பாதுகாப்பில்லை. ஏ.ஐ. எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்ட காட்டுக் காளான் கையேடுகள் 2023-ல் ஆன்லைனில் விற்பனைக்கு வந்தபோது, நியூயார்க் மைக்காலஜிக்கல் சொசைட்டி வெளிப்படையாகவே எச்சரித்தது: தெரிந்த, உண்மையான மனிதர்கள் எழுதிய புத்தகத்தை மட்டும் வாங்குங்கள், உயிர் பிரச்சினை இது. சாட்பாட்டிடம் படத்தைக் காட்டிக் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும். பதில் எவ்வளவு நம்பிக்கையான தொனியில் வந்தாலும், சாப்பிடப்போவது நாம்தான்.

புல்வெளியின் வெள்ளைக் குடை

ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்த அப்பார்ட்மென்ட் காளான்? வெப்பமண்டல நாடுகளின் புல்வெளிகளில் மழைக்குப் பின் இப்படிப் பெரிதாக, வெள்ளையாக, மேலே பழுப்புச் செதில்களோடு அடிக்கடி முளைப்பது 'குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்' என்ற இனம். உலகில் அதிகம் பேரின் வயிற்றைக் கலக்கும் காளான்களில் ஒன்று. இளசாக இருக்கும்போது குடைக்கு அடியில் உள்ள மெல்லிய தகடுகளும் வெள்ளையாகத்தான் இருக்கும். பார்த்தால் உண்ணும் காளான் மாதிரியே தெரியும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்துவிடும். பெரும்பாலும் உயிர் போகாது. ஆனால், குழந்தைகளையும் முதியவர்களையும் நீரிழப்பு மோசமாகப் பாதிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளை, பாதி கறுப்பாக உள்ள காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு பாத்திரத்தால் மூடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வித்துத் தூள் அழகான கோலம் மாதிரி பதிந்திருக்கும். இந்தக் காளான் என்றால் அந்தக் கோலம் மங்கலான பச்சை. குழந்தைகளோடு செய்ய அருமையான விளையாட்டு. ஆனால், பச்சை வரவில்லை என்றால் 'சாப்பிடலாம்' என்று அர்த்தம் இல்லை. 'இது அது இல்லை' என்று மட்டும்தான் அர்த்தம்.

தாமதமாக வரும் விஷம்

வயிற்றைக் கலக்குவது ஒரு வகை. உயிரை எடுப்பது இன்னொரு வகை. 'டெத் கேப்' போன்ற காளான்களில் இருக்கும் அமடாக்சின் இரண்டாவது வகை. சமைத்தாலும், உலர்த்தினாலும், ஃப்ரீசரில் வைத்தாலும் அழியாது. ருசியிலும் காட்டிக்கொடுக்காது.

சாப்பிட்டு 6 மணி நேரமாவது ஆன பிறகுதான் வாந்தி, பேதி ஆரம்பிக்கும். சிலருக்கு மறுநாள்கூட ஆகும். அடுத்து ஒரு கட்டம் வரும். எல்லாம் சரியாகிவிட்டது போல உடம்பு தெம்பாக இருக்கும். வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் செல்கள் புரதம் தயாரிக்க முடியாமல் செத்துக்கொண்டிருக்கும். சில நாட்களில் கல்லீரல் செயலிழப்பு. உலகின் காளான் விஷ மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு டெத் கேப்தான் காரணம். 2023-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு மதிய விருந்துக்குப் பின் 3 பேர் இறந்ததும், விருந்து கொடுத்தவருக்கு 2025-ல் ஆயுள் தண்டனை கிடைத்ததும் இந்தக் காளானால்தான்.

நம் நாட்டில் நடப்பது பெரும்பாலும் கொலை அல்ல, பசியும் பழக்கமும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் சில நாட்களுக்குள் இறந்தார்கள். பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள். ரீல்ஸ் பார்த்துப் பறித்தவர்கள் இல்லை. அங்கே காளான் பறித்துச் சமைப்பது வழக்கமான ஒன்று. பழகியவர்களுக்கே இது நடக்கும் என்றால், நேற்று ஆப் டவுன்லோடு செய்தவருக்கு?

இதையெல்லாம் நம்பாதீங்க

- 'வெள்ளையா இருந்தா நல்லது, கலரா இருந்தா விஷம்.' தவறு. உலகின் மிக ஆபத்தான காளான்களில் சில சுத்த வெள்ளை.
- 'பூச்சி கடிச்சிருக்கு, அப்ப விஷம் இல்லை.' தவறு. டெத் கேப்பை நத்தைகள் தின்னும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.
- 'சமைக்கும்போது வெள்ளிக் கரண்டியோ பூண்டோ கறுத்தா விஷம்.' அமடாக்சின் எதையும் கறுக்க வைக்காது.
- 'நல்லா வேகவெச்சா சரியாயிடும்.' மேலே சொன்னதுதான். ஆகாது.
- 'தொட்டாலே விஷம் ஏறும்.' இதுவும் தவறு. ஆபத்து சாப்பிடுவதில்தான். தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினால் போதும்.

இன்னொன்று, கொடைக்கானல் டிரிப் போகிறவர்களுக்கு. 'மேஜிக் மஷ்ரூம்' என்று யாராவது நீட்டினால் ரெண்டு சிக்கல் இருக்கிறது. அதில் உள்ள சிலோசைபின், 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. அடுத்தது, சிறிய பழுப்புக் காளான்கள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். அவற்றில் அமடாக்சின் உள்ளவையும் உண்டு. விற்பவருக்கு வித்தியாசம் தெரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

'எங்க ஊர்ல காலங்காலமா சாப்பிடுறோமே?'

நியாயமான கேள்வி. மலைக் கிராமங்களிலும் வயல்காட்டு ஊர்களிலும் புற்றுக் காளானைத் தேடிப் போய்ப் பறித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து 'சாப்பிடாதீங்க' என்று நகரத்திலிருந்து உபதேசம் செய்வது நம் நோக்கமல்ல.

ஆனால், அவர்கள் அறிவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு அம்மாவுக்குத் தெரிந்தது 'காளான்' என்ற பொது விஷயம் இல்லை. இந்தப் புற்றில், இந்த மழைக்குப் பின், இந்த மாதிரி வேரோடு வருவது என்ற குறிப்பிட்ட ஒரு விஷயம். சின்ன வயதிலிருந்து கூடவே போய், கையில் பிடித்துப் பார்த்துக் கற்றது. சந்தேகம் வந்தால் தூக்கி எறிந்துவிட்டு நடந்துவிடுவார். அந்த அறிவு வேறு ஊருக்கு, வேறு காட்டுக்கு அப்படியே பொருந்தாது. போட்டோ வழியாக வாட்ஸ்அப்பிலும் வராது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ மாமாவோ இருந்தால், அடுத்த மழைக்கு அவர்களோடு நடந்து போங்கள். அது எந்த ஆப்பைவிடவும் பெரிய சொத்து. அந்தத் தலைமுறையோடு அது போய்விடக் கூடாது.

வாக்கிங் போகும்போது...

- படம் எடுத்தால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, குடைக்கு அடியில் ஒன்று, சுற்றியுள்ள இடத்தோடு ஒன்று. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள்.
- ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் தேதி, இடத்தோடு பதிவேற்றுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அது ஆய்வாளர்களுக்கு உதவும். தளம் சொல்லும் பெயரை ஒரு யூகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
- காப்புக்காடுகளில் எதையும் பறிக்காதீர்கள். அனுமதி இல்லாமல் அங்கே நுழைவதே குற்றம்.
- தவழும் குழந்தை, நாய் விளையாடும் புல்வெளியில் காளான் முளைத்தால் அகற்றிவிடுங்கள்.

யாராவது சாப்பிட்டுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மீதமுள்ள காளானையோ குழம்பையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்று எழுதி வையுங்கள். அந்த இடைவெளிதான் மருத்துவருக்கு முதல் துப்பு. கூடச் சாப்பிட்ட எல்லோரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து, அழைத்துப் போங்கள். வாந்தி நின்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். தெம்பாகத் தெரியும் அந்த இடைவெளியைப் பற்றி மேலேயே பார்த்தோம்.

காட்டிலிருந்து கடைக்கு

காளான் சாப்பிட ஆசையா? அதற்கும் வழி இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறோமே, கெட்டியான வெள்ளைத் தண்டோடு பால் காளான்? அதுவும் ஒரு காலத்தில் காட்டுக் காளான்தான். மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு, 1974-ல் அறிவியல் பதிவில் ஏறியது. பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வெயிலிலும் தாக்குப்பிடிக்கும் இந்தக் காளானைப் பண்ணையில் வளர்க்கும் முறையை 1990-களில் உருவாக்கியது. இன்று சிறு கொட்டகை இருந்தாலே வளர்க்கலாம்.

யாரோ ஒருவர் நடந்து போகும்போது குனிந்து பார்த்தார். அடுத்து அதற்குப் பெயர் வைத்தார்கள், சோதித்தார்கள், வளர்த்தார்கள், அதற்குப் பிறகுதான் அது தட்டுக்கு வந்தது. பார்ப்பதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவில் இத்தனை பேரின் வேலை, இத்தனை ஆண்டுகள். அந்த வேலையை ஒரு ஸ்கிரீன்ஷாட் செய்துவிடாது.

அடுத்த முறை குரூப்பில் யாராவது 'இதைச் சாப்பிடலாமா?' என்று கேட்டால், 'வேண்டாம், ஆனா எந்த இடம்னு சொல்லுங்க, வந்து பார்க்கிறேன்' என்று பதில் போடுங்கள்.